யாழ்ப்பாணத்து வெக்கையில் கிம்ச்சி: வீட்டில் புளிக்கவைத்துச் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் தோசைமா பொங்குவதற்காக அவணுக்குள் லைற்றைப் போட்டுவிட்டு மாச்சட்டியை உள்ளே வைப்பார்கள். குளிரில் மா பொங்காது. இங்கே இரவு கரைத்து வைத்தால் விடியமுன் சட்டியால் வழிந்துவிடும். கோவாவை (முட்டைக்கோஸ்) உப்பிட்டுப் புளிக்கவைக்கும் கொரிய உணவான கிம்ச்சிக்கும் இதே கணக்குத்தான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் கிம்ச்சி முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைகளுக்காக எழுதப்பட்டவை. "இரண்டு நாள் வெளியில் வைத்துவிட்டுப் பிரிட்ஜில் வையுங்கள்" என்பதைச் சித்திரை மாதத்தில் சுன்னாகத்தில் அப்படியே செய்தால், கோவா துவண்டு, புளிப்பு ஏறி, வாயில் வைக்க முடியாமல் போகும். "கிம்ச்சி எங்கட வாய்க்குச் சரிவராது" என்று கைவிட்டவர்களில் பலர் உண்மையில் சாப்பிட்டது அளவுக்குமேல் புளித்துப்போன கிம்ச்சியைத்தான்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நாட்கணக்கை நம்பச் சொல்லமாட்டேன். மணம், குமிழி, நாக்கு இந்த மூன்றையும் நம்பிச் செய்யும் முறை இது. தோசைமா புளித்துவிட்டதா என்று மூடியைத் திறந்ததும் சொல்லத் தெரிந்த எவருக்கும் இது வரும்.

உள்ளே என்ன நடக்கிறது

கோவா இலையில் இயல்பாகவே பலவகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. உப்புப் போட்டதும் இலையிலிருந்து நீர் வெளியே வரும். அந்த உப்பு நீருக்குள் கெடுக்கும் கிருமிகள் தடுமாறும். லக்டிக் அமிலம் உண்டாக்கும் பக்டீரியாக்கள் தாக்குப்பிடிக்கும். முதலில் பெருகுவது லியுகொனொஸ்டொக் என்ற இனம். காய்கறியிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் விடும். கிம்ச்சியைத் தின்னும்போது நாக்கில் வரும் அந்தச் சுறுசுறு உணர்வு இந்த வாயுவால்தான். புளிப்பு ஏறியதும் அது ஒதுங்கிக்கொள்ள, கூடிய புளிப்பைத் தாங்கும் லக்டோபசிலஸ் வகைகள் வேலையை எடுத்துக்கொள்ளும்.

உழுந்து அரைத்த தோசைமாவைப் பொங்கவைப்பதிலும் முக்கிய பங்கு இதே லியுகொனொஸ்டொக்குக்குத்தான். வித்தியாசம் ஒன்றே: தோசையைச் சுடும்போது அந்த உயிர்கள் செத்துவிடும். கிம்ச்சியைப் பச்சையாகச் சாப்பிடுவதால் உயிரோடு வயிற்றுக்குள் போகும். தயிரும் பழஞ்சோறும் இந்த வகையில் கிம்ச்சியின் பக்கம்.

பாதுகாப்பும் இந்தப் புளிப்பில்தான் இருக்கிறது. புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். அது 4.6க்குக் கீழே இறங்கினால் பொட்டுலினம் என்ற ஆபத்தான கிருமி வளராது. நன்றாகப் புளித்த கிம்ச்சி ஏறத்தாழ 4.2இல் நிற்கும். உப்பைக் குறைத்தால் புளிப்பு ஏறும்வரை காய்கறிக்குக் காவல் இல்லை. ஆரோக்கியத்துக்காகச் செய்கிறோம் என்று உப்பைப் பாதியாக வெட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உப்பைக் குறைக்க விரும்பினால் சாப்பிடும் அளவைக் குறையுங்கள்.

உடம்புக்கு உண்மையில் என்ன கிடைக்கும்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுகிறது. சுகதேகிகளான 36 பேரை இரண்டாகப் பிரித்து, 10 வாரம் ஒரு பகுதியினருக்குத் தயிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளும், மற்றப் பகுதியினருக்கு நார்ச்சத்து மிகுந்த உணவும் கொடுத்தார்கள். புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர்களின் வகை கூடியது; இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நல்ல சேதிதான். ஆனால் ஆட்கள் கொஞ்சப்பேர், காலமும் கொஞ்சம். நீரிழிவு மாறும், புற்றுநோய் வராது என்று காணொளிகளில் சொல்வதற்கு இது ஆதாரம் ஆகாது. மலச்சிக்கல் குறைகிறது, சோற்றோடு காய்கறி கூடுதலாக உள்ளே போகிறது என்ற அளவில் எதிர்பார்த்துத் தொடங்குங்கள்.

சாமான்கள்

கொரியாவில் கிம்ச்சிக்கு எடுப்பது நீள இலைச் சீனக்கோவா. இங்கே அது எப்போதும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை. நம் உருண்டைக் கோவாவே போதும். இலை கொஞ்சம் தடிப்பு என்பதால் உப்பில் கூடுதல் நேரம் ஊறவேண்டும், அவ்வளவுதான். மாரி மழைக்குப் பிறகு, தை முதல் பங்குனி வரை குடாநாட்டுத் தோட்டங்களிலிருந்து கோவாவும் கரட்டும் சந்தைக்கு வரும். கிம்ச்சி போட அதுவே நல்ல காலம்: மரக்கறி புதிது, விலை மலிவு, வெக்கையும் குறைவு. மருதனார்மடம், திருநெல்வேலிச் சந்தைகளில் காலையிலேயே போய், கையில் எடுத்தால் பாரமாகவும் அமுக்கினால் இறுக்கமாகவும் இருக்கும் கோவாவாகப் பாருங்கள். பிளந்து பொலித்தீன் சுற்றியதை வேண்டாதீர்கள்.

ஒரு கிலோ கோவாவுக்கு வேண்டியவை: முள்ளங்கி 200 கிராம், கரட் 100 கிராம், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, வெங்காயத்தாள் ஒரு சிறு கட்டு, உள்ளி 8 பல்லு, இஞ்சி ஒரு பெருவிரல் அளவு, அரிசிமா ஒன்றரை மேசைக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, உப்பு 50 கிராம், பிறகு மிளகாய்.

மிளகாயில் நின்று கவனிக்கவேண்டும். கொரிய மிளகாய்த்தூளில் நிறம் கூட, உறைப்புக் குறைவு. ஒரு கிலோவுக்கு 50 கிராம்கூடப் போடுவார்கள். நம் செத்தல் மிளகாயில் அந்த அளவு போட்டால் கண்ணீர்தான். செத்தலைப் பிளந்து விதையைத் தட்டிவிட்டு, கரகரப்பாக இடித்து 15 முதல் 20 கிராம் எடுங்கள். வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இதற்குக் கூடவே கூடாது. அதில் மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் இருக்கும். கிம்ச்சி கறியாய் மணக்கும். மிளகாயே இல்லாத வெள்ளைக் கிம்ச்சியும் கொரியாவில் உண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக் காய். கொரியாவுக்கும் நமக்கும் 16ஆம் நூற்றாண்டளவில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் அவர்கள் காய்கறியை உப்பிலிட்டுப் புளிக்கவைத்துத்தான் சாப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கும் வயிற்றெரிவு உள்ளவர்களுக்கும் அந்த வெள்ளை வகையைப் போட்டுக்கொடுங்கள்.

கொரியாவில் உப்பிலிட்டுப் புளிக்கவைத்த இறாலோ மீன் சாறோ சேர்ப்பார்கள். நம்மிடம் கூனி இறால் இருக்கிறதே. ஒரு மேசைக்கரண்டி கூனியை வெறுஞ்சட்டியில் வறுத்துப் பொடியாக்கிச் சேர்த்தால் போதும். சைவச் சமையல் வீடுகள் இதை விட்டுவிடலாம். குறை ஒன்றும் இல்லை. கொரியப் பௌத்த மடங்களில் மீனும் இல்லாமல் உள்ளி வெங்காயமும் இல்லாமல் கிம்ச்சி போடுகிறார்கள். விரத நாளில் உள்ளி சேர்க்காத வீடுகளுக்கு அந்த முறை நன்றாகப் பொருந்தும்: இஞ்சியைக் கூட்டி, ஒரு துண்டு பேரிக்காயோ அப்பிளோ அரைத்துச் சேருங்கள்.

உப்பு எந்த உப்பும் ஆகும். ஆனையிறவுக் கல்லுப்பு கிடைத்தால் நல்லது. அயடீன் கலந்த உப்பில் புளிக்காது என்பார்கள், புளிக்கும். தண்ணீர்தான் யோசிக்கவேண்டியது. கழுவவும் கஞ்சி காய்ச்சவும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே எடுங்கள். குழாய்த் தண்ணீரானாலும் அப்படியே. கொதிக்கும்போது குளோரினும் போய்விடும். 

செய்முறை

கோவாவின் வெளியிலைகள் இரண்டைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், பிறகு தேவைப்படும். மீதியைக் கழுவி, அடித்தண்டை வெட்டிவிட்டு, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். அகலப் பேசினில் போட்டு, 50 கிராம் உப்பைத் தூவி, இலைகளைக் கையால் புரட்டுங்கள். இலையின் தடித்த தண்டுப் பகுதிக்குக் கொஞ்சம் கூடுதல் உப்புப் படட்டும். இரண்டு முதல் இரண்டரை மணித்தியாலம் விட்டு, அரைமணிக்கு ஒருமுறை கீழ்மேலாகப் புரட்டுங்கள். நேரத்தைவிட இலையைப் பாருங்கள்: தடித்த தண்டுத் துண்டு ஒன்றை எடுத்து இரண்டாக மடியுங்கள். 'டக்' என்று முறிந்தால் இன்னும் ஊறவேண்டும். முறியாமல் தோல்வார்போல வளைந்தால் சரி.

இனி இரண்டு தண்ணீரில் அலசி, வடிதட்டில் அரைமணி நேரம் வடியவிடுங்கள். வடிந்த இலையைக் கடித்துப் பாருங்கள். கறிக்குப் போடும் உப்பைவிடக் கொஞ்சம் கூடவாக, ஆனால் முகம் சுளிக்காமல் தின்னக்கூடியதாக இருக்கவேண்டும். உப்புப் போதாவிட்டால் அரைத் தேக்கரண்டி சேருங்கள். தராசு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இது: முடிவில் மொத்தக் காய்கறி எடையில் உப்பு 2 முதல் 3 சதவீதம். சித்திரை வைகாசி வெக்கையில் 3க்குக் கிட்ட வையுங்கள்.

கோவா வடியும் நேரத்தில் 200 மில்லி தண்ணீரில் அரிசிமாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக் கஞ்சியாக்குங்கள். வறுக்காத மா நல்லது. சீனியைப் போட்டு முழுதாக ஆறவிடுங்கள்; சூடு இருந்தால் பக்டீரியாவுக்குக் கேடு. இந்தக் கஞ்சிதான் மசாலாவை இலையில் ஒட்டவைக்கும், பக்டீரியாவுக்குத் தொடக்கச் சாப்பாடும் அதுவே. உள்ளி, இஞ்சி, சின்ன வெங்காயத்தை அம்மியிலோ கிரைண்டரிலோ அரைத்துக் கஞ்சியில் கலந்து, மிளகாய், கூனிப் பொடி சேருங்கள். பத்து நிமிடம் விட்டால் மிளகாய் ஊறி நிறம் விடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நம் மிளகாய் கையை இரவுவரை எரிக்கும். வடிந்த கோவா, குச்சியாய் வெட்டிய முள்ளங்கி, கரட், ஓரங்குலமாக வெட்டிய வெங்காயத்தாள் எல்லாவற்றையும் மசாலாவோடு பிரட்டுங்கள். கசக்கவேண்டாம். ஒவ்வொரு இலையிலும் மசாலா படும்படி அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள்.

அகலவாய்க் கண்ணாடிப் போத்தலைக் கொதிதண்ணீரில் கழுவிக் காயவைத்திருங்கள். மெல்லிய பிளாஸ்ரிக் வேண்டாம், மணமும் நிறமும் ஏறும். அலுமினியம் புளிப்பில் அரிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இட்டு, காற்றுக் குமிழி நிற்காதபடி கைமுட்டியால் அமுக்குங்கள். அமுக்க அமுக்கச் சாறு மேலே வரும். போத்தலின் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பவேண்டாம். வாயு வந்து பொங்கும்போது இடம் வேண்டும். ஒதுக்கி வைத்த வெளியிலையை மேலே மூடி, சாறு அதற்குமேல் நிற்கும்படி அமுக்குங்கள். சாறு போதாவிட்டால் 100 மில்லி கொதித்தாறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து ஊற்றுங்கள். காய்கறி காற்றில் தலைகாட்டக்கூடாது. பூஞ்சணம் பிடிப்பது அங்கேதான். மூடியை இறுக்காமல் வைத்து, அடியில் ஒரு தட்டும் வையுங்கள்.

முதல் நாள்

தை மாதக் குளிர்ச்சியில் 30 முதல் 36 மணித்தியாலம், சாதாரண நாட்களில் 18 முதல் 24, சித்திரை வைகாசியில் 12 முதல் 16. இவை கிட்டத்தட்டச் சொல்லும் அளவுகள்தான். பத்து மணித்தியாலத்துக்குப் பிறகு அடிக்கடி பாருங்கள். வெயில் படாத, அடுப்புக்குத் தூரமான மூலையில் வையுங்கள்.

கரண்டியால் மேலிலையை மெல்ல அமுக்கும்போது ஓரத்தால் சிறு குமிழிகள் வரிசையாக ஏறினால் பக்டீரியா வேலை தொடங்கிவிட்டது. உள்ளி மணம் தூக்கலாக இருந்தது கொஞ்சம் பின்வாங்கி, அதற்குள் ஒரு புளி மணம் வரும். அந்த நேரத்தில் ஒரு துண்டு தின்று பாருங்கள். உப்பும் உறைப்பும் முன்னுக்கு நின்று, கடைசியில் நாக்கின் ஓரத்தில் இலேசாகப் புளித்தால், உடனே பிரிட்ஜில் வையுங்கள். நன்றாகப் புளிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரிட்ஜுக்குள்ளும் அது மெல்ல மெல்லப் புளித்துக்கொண்டே இருக்கும். ஐந்து முதல் ஏழு நாளில் நல்ல பதம் வரும். சாற்றுக்குள் அமிழ்ந்திருந்தால் ஒன்று இரண்டு மாதம் இருக்கும்.

வீட்டில் மணம் பரவும். "இதென்ன பிள்ளை, குசினிக்குள்ள ஏதோ பழுதாப் போன மணம் அடிக்குது?" என்று அம்மாவோ மாமியோ கேட்பார்கள். கருவாட்டு மணத்துக்குப் பழகிய வீடுதானே என்று சொல்லி, முதல் துண்டை அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்களும் தொடுவார்கள்.

பிரிட்ஜ் இல்லாவிட்டால், அல்லது கரண்ட் போனால்

2022இல் ஒரு நாளைக்குப் பத்துப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். பிரிட்ஜை நம்ப முடியாதபோது அரைக் கிலோ அளவாகப் போட்டு, மூன்று நான்கு நாளில் தின்று முடியுங்கள். கொரியர்கள் மாரிக்காலத்துக்காகக் கார்த்திகை, மார்கழியில் ஊர்கூடிக் கிம்ச்சி போட்டுப் பகிர்வார்கள். அந்த வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முன்பு அந்தச் சாடிகளை மண்ணுக்குள் புதைத்துத்தான் பாதுகாத்தார்கள். நாங்கள் அகலமான மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, போத்தலை அதற்குள் பாதிவரை புதைத்து, சுற்றி ஈரத்துணி போட்டு, காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் இது சில பாகை குளிர்ச்சி தரும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு பலன் இல்லை.

பழுதா, சரியா?

சாறு கலங்குவது, குமிழி வருவது, உள்ளி இலேசாக நீலம் பாய்வது எல்லாம் பிரச்சினை இல்லை. மேலே தட்டையாக, சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் வந்தால் அது ஒருவகை ஈஸ்ட். நம் வெக்கையில் சாதாரணம். வழித்தெடுத்துவிட்டு உடனே பிரிட்ஜில் வையுங்கள். பஞ்சுபோல மயிர் விட்டு, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பில் எது வந்தாலும் மேலே மட்டும் அள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்னவேண்டாம், முழுவதையும் கொட்டுங்கள். கோவா வழுவழுத்தாலோ புளிக்காமல் அழுகல் மணம் வந்தாலோ அதுவும் குப்பைக்குத்தான். ஒரு கிலோ கோவாவின் விலைக்காக வயிற்றோடு விளையாடக்கூடாது.

கிம்ச்சியைத் தவிர

மிளகாயும் வேண்டாம், கூனியும் வேண்டாம் என்பவர்களுக்குக் கோவாவும் உப்பும் மட்டும் போதும். மெல்லியதாக அரிந்த கோவாவின் எடையில் 2.5 சதவீதம் உப்பு, அதாவது ஒரு கிலோவுக்கு 25 கிராம். அலசக்கூடாது, சாறு விடும்வரை பத்து நிமிடம் கையால் பிசைந்து, அந்தச் சாற்றோடு போத்தலில் அமுக்குங்கள். நம் வெப்பத்தில் நான்கு ஐந்து நாளில் புளிக்கும். ஒரு தேக்கரண்டி சீரகம் சேர்த்தால் சோற்றோடு நன்றாக ஒத்துப்போகும்.

பழஞ்சோறு எல்லாவற்றிலும் இலேசு. ஆனால் ஒரு கவனம். ஆக்கிய சோற்றைச் சூட்டோடு மூடி மணிக்கணக்காக வைத்தால் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி நஞ்சு விடும்; அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மொட்டைக்கறுப்பனோ வேறு குத்தரிசியோ ஆக்கி, அகலமாகப் பரப்பிக் கெதியாக ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் மண்சட்டியில் இட்டு, கொதித்தாறிய நீர் இரண்டு விரல் மேலே நிற்க ஊற்றுங்கள். எட்டு முதல் பத்து மணித்தியாலம் போதும். காலையில் தயிர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துக் கரைத்துக் குடியுங்கள். மத்தியானத்துக்கு மிச்சம் வைக்கவேண்டாம். முதல்நாள் மீன்கறியை இரவே சோற்றில் கலந்து ஊறவைக்கக்கூடாது. குழையல் வேண்டுமானால் காலையில் கறியைக் கொதிக்கவைத்துச் சேருங்கள்.

தயிர் நமக்குப் புதிதல்ல என்பதால் ஒரு சொல் மட்டும்: கடையில் வாங்கும் சீனி போட்ட யோகட்டைவிட, மண்சட்டியில் வீட்டில் உறையவைத்த புளித்தயிர் மேல்.

எலுமிச்சை ஊறுகாயும் மோர் மிளகாயும் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் உப்பு மிகக் கூட. நீண்டநாள் வைப்பதற்கான உணவு அது. தொட்டுக்கொள்ளுங்கள், ஆனால் குடலுக்கு நல்லது என்று அள்ளிப் போடாதீர்கள்.

எவ்வளவு, யார் கவனமாக

முதல் வாரம் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். பழக்கமில்லாத வயிறு ஊதும். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். இந்த முறையில் போட்ட 100 கிராம் கிம்ச்சியில் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் உப்பு இருக்கும். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் சாப்பாட்டில் கருவாடும் சம்பலும் ஏற்கெனவே உப்புத்தான். கிம்ச்சி வைக்கும் நாளில் கருவாட்டை விடுங்கள்.

பிரஷர் உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கோவாவின் விற்றமின் கே மருந்தோடு மோதும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில பழைய வகை மருந்துகளோடு புளித்த உணவு சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். மருந்துச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்புமாற்றம் செய்தவர்கள் உயிருள்ள பக்டீரியா இருக்கும் வீட்டுத் தயாரிப்புகளைத் தவிர்க்கவேண்டும்.

மிகப் புளித்ததை என்ன செய்வது

ஒரு மாதம் கழிந்து பச்சையாகத் தின்ன முடியாத அளவு புளித்தால் எறியவேண்டாம். கொரியர்கள் குழம்புக்கென்றே அதைத் தேடுவார்கள். சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஒரு கை வெங்காயத்தை வதக்கி, ஒரு கோப்பை புளித்த கிம்ச்சியைப் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டுங்கள். கிம்ச்சிச் சாறும் இரண்டு கோப்பை தண்ணீரும் விட்டுக் கொதிக்கவைத்து, சூடை மீனோ இறாலோ போட்டு மூடுங்கள். சைவமானால் டோஃபு அல்லது காளான். பழப்புளி விடவேண்டாம், உப்பையும் கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்தே போடுங்கள். கொதியில் பக்டீரியா செத்துவிடும்; குடலுக்கான பங்கு அன்றைக்குக் கிடைக்காது, ஆனால் இடியப்பத்துக்கும் பாணுக்கும் அருமையான குழம்பு கிடைக்கும்.